இனிப்பும் உழைப்பும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தை நம் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கின்றோமா, அன்றி நம்மை அறியாமலே செலவழித்து விடுகின்றோமா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் நாம் மகிழ்கின்றோம். "தாய் நன்றாக ஊட்டி வளர்க்கிறாள்" என்று அண்டை வீட்டார் பாராட்டுகின்றனர். மெலிந்த பிள்ளையைக் கண்டாலோ, "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று கேட்கின்றனர். இவ்வெண்ணம் பசியைக் கண்ட தலைமுறையிடம் பிறந்தது. அரிசி அளந்து சமைத்த காலத்தில் சதைப்பிடிப்பே நலத்தின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நம் நாட்டுப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென உணவுத் துணைத் திட்டம் 1979ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றதும், பசியோடும் மெலிந்த உடலோடும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தமையால்தான். இன்றும் அத்திட்டத்தை நாடி வரும் பிள்ளைகள் உளர். ஆயினும் அதே பள்ளியில், அதே வகுப்பில், அளவுக்கு மீறிய உடல் எடையால் மூச்சு வாங்கும் பிள்ளைகளையும் இன்று நாம் காண்கின்றோம். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

கரும்பு விளைந்த மண்

நம் ஜுரு அமைந்துள்ள செபராங் பிறை ஒரு காலத்தில் கரும்புக்குப் பெயர் பெற்ற நிலப்பகுதியாகும். 19ஆம் நூற்றாண்டில் பத்து கவான், நிபோங் திபாலை அடுத்த கலிடோனியா முதலிய இடங்களில் பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களில் வேலை செய்வதற்காகவே தமிழகத்திலிருந்து நம்மவர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தனர். வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கரும்பு வெட்டிச் சுமந்தனர். அவர்கள் விளைவித்த சீனி கப்பலேறி வேற்று நாடுகளுக்குச் சென்றது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு நின்ற இடத்தில் ரப்பர் மரங்கள் எழுந்தன. பின்னர்ச் செம்பனை வந்தது. அதன்பின் தொழிற்சாலைகளும் வீடமைப்புத் தாமான்களும் வந்தன.

கரும்பு வயல்கள் மறைந்தன, சீனி மறையவில்லை. 1964ஆம் ஆண்டில் நாட்டின் முதல் சீனி சுத்திகரிப்பு ஆலை நமக்கு அண்மையிலுள்ள பிறையில் இயங்கத் தொடங்கியது. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் மூலச் சீனி அங்கே வெள்ளைச் சீனியாகிறது. அன்று நம்மவர் வியர்வையில் விளைந்து வெளியே சென்ற பொருள், இன்று நம் வீட்டுக் குவளைகளில் நாள்தோறும் கரைகின்றது.

உழைப்பு சென்றது, உணவு நின்றது

பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார், தாத்தாமார் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்தனர். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் சென்றனர். நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகச் சீவினர். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா கட்டித் தோளில் சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தனர். காலையில் அவர்கள் குடித்த இனிப்புக் கோப்பி உச்சிப் பொழுதுக்குள் வியர்வையாகி வெளியேறிற்று. நண்பகலில் உண்ட தட்டு நிறைந்த சோறு மாலை வேலைக்கும் விறகு பிளப்பதற்கும் செலவாயிற்று. அவர்களுடைய பிள்ளைகளோ செம்மண் சாலையில் பள்ளிக்கு நடந்து சென்றனர். திரும்பி வந்து தண்ணீர் சுமந்தனர். இருட்டும் வரை கோயில் திடலில் சடுகுடு ஆடினர்.

இன்று தோட்டத்திலேயே வாழ்வோரும் உளர். தோட்டம் விட்டு வந்து தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்வோர் மிகப் பலர். பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் பள்ளிக்கு வருகின்றனர். கனரக லோரிகள் ஓடும் சாலைகளில் பிள்ளையை நடக்கவிடப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஷிப்டு வேலைக்குச் செல்லும் தாய் தந்தையர், பிள்ளை வெளியே செல்லாமல் வீட்டிற்குள் இருப்பதே பாதுகாப்பு என்று கருதுகின்றனர். அப்பிள்ளைக்குத் துணையாய் இருப்பவை தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஒரு பொட்டலம் நொறுக்குத் தீனியுமே.

ஆக, உழைப்பு நம் பிள்ளைகளின் நாளிலிருந்து விடைபெற்றுக்கொண்டது. உழைப்பாளிக்கென அமைந்த உணவு மட்டும் தட்டை விட்டு நீங்கவில்லை. அதற்கு மேல் டின் பானங்களும் பொரித்த கோழியும் துரித உணவும் வந்து சேர்ந்துள்ளன. நாம் காணும் உடற்பருமனுக்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

எண்கள் கூறும் செய்தி

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். அதாவது பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவர். அதே ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களைத் தனியே எடுத்துக்கொண்டால் அவ்வளவு 31.4 விழுக்காடு. இது மற்ற இனத்தாரைவிட உயர்ந்த அளவாகும்.

இவ்வெண்ணைப் படித்து நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் விழித்துக்கொள்ள வேண்டும். தெற்காசிய மரபினருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எளிதில் சேர்கிறது. மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு அவர்களை அணுகுகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. நீரிழிவால் கால் இழந்தோரையும், சிறுநீரகம் பழுதாகி வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோரையும் நம் உறவினரிடையே காண்கின்றோம். முன்னர் நடுவயதில் வந்த அந்நோய் இன்று இளம் வயதினரையும் தொடுகின்றது. பருமனான குழந்தை பெரியவனான பின்னும் பருமனாகவே இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் தொடக்கப்பள்ளி வயதே திருத்தத்திற்கு ஏற்ற வயதாகும்.

கொழுப்பு எவ்வாறு சேர்கிறது?

மாணவச் செல்வங்களே! நம் உடல் ஒரு சேமிப்பு வங்கியைப் போன்றது. உணவு, வரவு. ஓடுவது, ஆடுவது, வளர்வது, மூச்சு விடுவது அனைத்தும் செலவு. வரவு மிகுந்து செலவு குறைந்தால் மிச்சம் சேரும். பணம் மிஞ்சினால் நன்மை. உணவின் ஆற்றல் மிஞ்சினால் அது கொழுப்பாகி வயிற்றிலும் தொடையிலும் கல்லீரலிலும் தங்கும். இனிப்புப் பானத்திற்கு ஒரு தனித் தீமை உண்டு. சோறு உண்டால் வயிறு நிறைந்தது தெரியும். பானமாகக் குடித்த சீனியோ பசியை அடக்குவதில்லை. குடித்தபின்னும் அதே அளவு சோற்றை உண்கின்றோம்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு டின் பானத்தின் உறையில், 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். டின்னின் கொள்ளளவு 320 மில்லிலிட்டர். ஆகவே அதிலுள்ள சீனி 32 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டால் ஆறு கரண்டிக்கும் மேல்! நாள்தோறும் ஒரு டின் குடிக்கும் பிள்ளை, 30 நாளில் 960 கிராம் சீனியை விழுங்குகிறது. கடையில் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை நம் பிள்ளையின் கையில் கொடுத்து, "இம்மாதம் இதைத் தின்று முடி" என்று நாம் சொல்வோமா?

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சீனி 25 கிராமுக்குக் கீழ் இருப்பது நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. குழந்தைக்கு அதனினும் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

பால் டின்னும் பயனீட்டாளரும்

சீனியைப் பற்றிய எச்சரிக்கை புதிதன்று. 1939ஆம் ஆண்டிலேயே சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கட்டிப்பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டும் விற்பனை முறைகளை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். டின்னின் உறையில் குழந்தைப் படம் சிரித்தாலும், உள்ளே இருப்பது குழந்தைக்கு உகந்ததன்று என்பதே அவர் உரையின் கருத்து. இனிப்புக் கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி என்பதை இன்றும் பலர் அறியார். "பால்தானே கொடுக்கிறேன்" என்று எண்ணி நாம் ஊற்றும் ஒவ்வொரு கரண்டியிலும் பாலைவிடச் சீனியே மிகுதி.

நம் பினாங்கிலேயே இதற்காகக் குரல் கொடுத்தோர் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதன் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றி 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களும், சீனியைக் குறைக்கும்படி மக்களை இடைவிடாது வலியுறுத்தினர். சீனிக்கு அரசு அளித்து வந்த உதவித்தொகை 2013ஆம் ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. பின்னர் அவ்வரி உயர்த்தப்பட்டும் உள்ளது. மாணவர்கள் இந்த '5' என்னும் எண்ணை நினைவில் கொள்க. கடையில் பானத்தை எடுக்குமுன் உறையைப் படித்து, அவ்வெண்ணைத் தாண்டியிருந்தால் வைத்துவிடுக. வரியைவிட வலிமையானது இவ்வறிவே.

கேலி மருந்தாகாது

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். உடல் பருத்த பிள்ளை குற்றம் செய்த பிள்ளையன்று. அப்பிள்ளை உண்பது பெரியவர்கள் வாங்கி வைத்ததை; அமர்ந்திருப்பது பெரியவர்கள் அமர்த்திய இடத்தில். சிலருக்கு உடலமைப்பும் மரபும் காரணமாகின்றன. ஆகவே 'குண்டு' என்றும் 'யானை' என்றும் பட்டப்பெயர் சூட்டுவது பெரும் பிழையாகும்.

அண்டை நாடான சிங்கப்பூர் தரும் பாடம் ஒன்றுண்டு. அங்கே 1992ஆம் ஆண்டில் பள்ளிகளில் எடைக் குறைப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. எடை மிகுந்த மாணவரைத் தனியே பிரித்து உடற்பயிற்சி அளித்தனர். பத்தாண்டுகளில் மிகை எடையுள்ள மாணவர் அளவு 14 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எண்ணளவில் அது வெற்றியே. ஆனால் பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மற்றவர் கேலிக்கு ஆளாயினர். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைப் பின்னிருந்து படித்தால் 'கொழுப்பு' என்று பொருள்படும் சொல் வந்ததும் அக்கேலிக்கு இடமளித்தது. 2007ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறுத்தப்பட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான நலத்திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மெலிந்தவரும் பருத்தவரும் ஒன்றாக ஓட வேண்டும். ஒன்றாக உண்ண வேண்டும். இதுவே நாம் கற்க வேண்டியது.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தவறு. விளம்பரத்தைப் பார்த்து மெலிவதற்கான மாத்திரை, மாவு முதலியவற்றைக் கொடுப்பது அதனினும் தவறு. பிள்ளை உயரமாக வளர வளர, எடை ஏறாமல் நின்றாலே பல வேளைகளில் போதும். வயதுக்கும் உயரத்திற்கும் எடை பொருத்தமாக உள்ளதா என்பதை அரசாங்கக் கிளினிக்கில் தாதியர் அளந்து கூறுவர். ஐயம் இருப்பின் அங்கே செல்க.

விளையாட்டே நல்மருந்து

5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இவ்வொரு மணியை ஒரே நேரத்தில் செலவிட வேண்டுமென்பதில்லை. ஓய்வு நேரத்தில் பத்து நிமிடம், உடற்கல்விப் பாடத்தில் அரை மணி, மாலையில் இருபது நிமிடம் எனப் பகுத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் இதற்கு வழியுண்டு. 2011ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரும் ஒரு விளையாட்டிலேனும் ஈடுபட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் கொள்கை. நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இருமுறை உடல் தகுதிச் சோதனை நடைபெறுகின்றது. மூன்று நிமிடம் பலகை ஏறி இறங்குதல், தண்டால், வயிற்றுப் பயிற்சி, அமர்ந்து கைகளை முன்னே நீட்டுதல் ஆகியன அதில் அடங்கும். மதிப்பெண் அட்டையில் கணிதத்தையும் மொழியையும் பார்க்கும் பெற்றோர், இச்சோதனையின் முடிவையும் கேட்டறிதல் நன்று. "விளையாடினால் படிப்புக் கெடும்" என்று அஞ்ச வேண்டா. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஓட்டக்காரர் மணி ஜெகதீசன், படித்துப் பட்டம் பெற்ற மருத்துவருமாவார்.

விலை உயர்ந்த காலணியோ கருவியோ நமக்குத் தேவையில்லை. சடுகுடு, கிட்டிப்புள், பாண்டி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டல் என நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களுக்கு ஒரு காசும் செலவில்லை. நம் நாட்டில் மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கின்றது. வெயில் தாழ்ந்தபின் ஐந்தரை மணி தொடங்கி, தாமான் திடலில் நான்கு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விடலாம். ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர் முறை வைத்துக்கொண்டு, இன்று ஒருவர், நாளை ஒருவர் எனத் திடலில் காவலிருக்கலாம். அன்று லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையை எல்லா வீட்டாரும் பார்த்துக்கொண்டனர். அப்பழக்கத்தை நாம் மீண்டும் உயிர்ப்பித்தாலே பாதி வேலை முடிந்தது. விடுமுறை நாளில் அங்காடி வளாகத்தில் சுற்றுவதற்கு மாறாக, புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் உள்ள செரோக் தோக்குன் வனப்பூங்காவிற்குக் குடும்பத்தோடு சென்று நடக்கலாம்.

வீட்டிலே செய்யத்தக்கவை

1. காலையில் உண்ணாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். இட்டிலி, தோசை, அவித்த முட்டை, கடலை, பழம் இவற்றில் இயன்றதைக் கொடுங்கள். பசியோடு வரும் பிள்ளையே இடைவேளையில் இனிப்பைத் தேடுகிறது.

2. தேநீரிலும் கோப்பியிலும் சாக்லேட் பானத்திலும் வாரத்திற்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறைத்து வாருங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். தாகத்திற்குத் தண்ணீரே போதும்.

3. தட்டை மனத்தால் பகுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. அரைப் பங்கு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு மக்களுக்குக் கற்பிக்கும் முறை இதுவே. கங்கோங், முருங்கைக் கீரை, வெண்டை, பயற்றங்காய், பப்பாளி, கொய்யா ஆகியவை நம் அருகிலேயே கிடைப்பவை.

4. நொறுக்குத் தீனியையும் பானத்தையும் வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். தீபாவளி முறுக்கும் பிறந்தநாள் கேக்கும் திருநாளுக்கு உரியவை. அவற்றை நாள்தோறும் உண்ணலாகாது.

5. நன்மதிப்பெண் பெற்ற பிள்ளைக்குப் பொரித்த கோழியைப் பரிசாக்காதீர்கள். ஒரு பந்தோ, கயிறோ, கதைப் புத்தகமோ வாங்கிக் கொடுங்கள்.

6. உண்ணும்போது தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வேண்டா. இரவில் 9 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் பசி மிகும். ஆடுவதற்கு மனம் வராது.

7. பெற்றோர் முதலில் செய்து காட்டுங்கள். தந்தை கையில் டின் பானத்தை வைத்துக்கொண்டு மகனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் மகன் கேட்பானா?

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றார். அளவறிந்து உண்போனுக்கு வேறு மருந்து வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து.

முடிவுரை

நம் முன்னோர் இம்மண்ணில் கரும்புக்காக உடலை வருத்தினர். அவர்தம் உழைப்பின் பயனாகவே நம் பிள்ளைகள் இன்று நிழலில் அமர்ந்து படிக்கின்றனர். அக்கடின வாழ்வு நம் பிள்ளைகளுக்கு மீண்டும் வர வேண்டுமென்று எவரும் விரும்பார். ஆயினும் அவர்களின் வேகமான கால்களையும், களைப்பறியாத மூச்சையும், வியர்வையின் பின் வரும் இனிய பசியையும் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டின் வழியாகக் கொடுக்க இயலும். இனிப்பைக் குறைப்போம், இயக்கத்தைப் பெருக்குவோம். இன்று மாலையே திடலில் தொடங்குவோம்.

பயிற்சி

1. ஒரு போத்தல் பானத்தின் கொள்ளளவு 500 மில்லிலிட்டர். அதில் 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம் சீனி உள்ளது. போத்தலில் உள்ள சீனி எத்தனை தேக்கரண்டி? (ஒரு தேக்கரண்டி 5 கிராம்.)

2. உன் வீட்டிலுள்ள மூன்று பான உறைகளைப் படித்து, சீனியின் அளவைக் குறித்து வருக. '5' என்னும் எல்லையைத் தாண்டியவை எவை?

3. உன் பாட்டியோ தாத்தாவோ சிறு வயதில் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் விதிகளை ஐந்து வாக்கியங்களில் எழுதி, நண்பர்களோடு ஆடிப் பார்க்க.